சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள்

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான். அதற்குப் பதிலும் ஒன்றுதான். ஆச்சு. பட்டினி கிடந்தாலும் ஆச்சு. அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் ஆச்சு. இல்லை என்று சொன்னால், கேட்டவர் வீட்டுச் சோற்றுக்கு நாம் கை நீட்டியதாக ஆகிவிடும். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லலாம், வெளியாளிடம் சொல்ல மாட்டோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கப் பழகிய மாதிரி தானாகப் பழகியது.

என் தங்கை உயிர் இந்த ஒரு பதிலில்தான் போனது.

நானும் அவளும் போடியில் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குப் புருஷன் செத்துப்போய் ரொம்பக் காலமாகிறது. அவள் புருஷன் இருக்கிறான், கம்பம் பக்கம் வேறொருத்தியோடு. அவன் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. இரண்டு பேரும் ஏலக்காட்டுச் சோலிக்குப் போனோம், எங்கள் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டோம். ஒருத்தர் வாசலில் போய் நின்றோம் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்ல முடியாது. இதை நான் எங்கேயும் சத்தமாகவே சொல்வேன்.

ஏலக்காட்டுக்குப் போகிறவர்கள் காலையில் சாப்பிடுவதில்லை. விடியும் முன்னே ஜீப்பு வந்து தெரு முக்கில் நிற்கும். ஆறு பேர் உட்காரும் இடத்தில் மூன்று மடங்கு ஆட்களை அடைப்பார்கள். போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு முடியுமுன் இன்னொன்று வந்துவிடும். வயிற்றில் சோறு கிடந்தால் மூன்றாவது வளைவில் அது வெளியே வரும். யார் மடியில் வரும் என்று தெரியாது. அதற்காக ஜீப்பும் நிற்காது. அதனால் எல்லாரும் வெறும் வயிற்றோடுதான் ஏறுவோம். சோறு தூக்குவாளியில் இருக்கும். தோட்டத்துக்குப் போய், செடிக்கடியில் குனிந்து ஒரு நடை காய் எடுத்து, முதல் எடை போட்ட பிறகுதான் வாளியைத் திறப்போம். அதற்குள் வெயில் உச்சிக்குப் பாதி ஏறியிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் தங்கைக்கு அட்டை கடித்த இடம் ஆறாமல் நின்றது. மஞ்சள் வைத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். சீனி தொடக்கூடாது, காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்றார்கள்.

அவளைப் போல் சொன்ன பேச்சுக் கேட்பவளை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சீனியைத் தொடவில்லை. மெட்டில் ஜீப்பு டீக்கு நிற்கும்போது கூட, "அண்ணே, எனக்குச் சீனி போடாத கட்டஞ்சாயா" என்று மலையாளத்து ஆள் போலக் கேட்டு, பால் ஊற்றாத வெறும் டீத்தண்ணியை வாங்கிக் குடிப்பாள். மாத்திரையும் அப்படித்தான். காலை மாத்திரை என்றார்கள். எங்களுக்குக் காலை என்றால் ஜீப்பு வருகிற நேரம். குழாயடியில் நின்று ஒரு வாய்த் தண்ணீரோடு முழுங்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள். தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் போடலாம் என்றால் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடும். சீக்காளி என்று தெரிந்தால் அடுத்த வாரம் ஜீப்பில் இடம் இருக்காது. கூட வருகிற பெண்களுக்குக் கூட அவள் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில், மலையில் வேலை செய்யும்போது அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காய் எடுக்கும்போது பிஞ்சையும் சேர்த்து உருவிவிடுவாள். "என்ன சேச்சி, கண்ணு காணுந்நில்லே?" என்று மலையாளத்துச் சூப்பர்வைசர் வைவான்.

"சக்கரை கூடிருச்சு போலக்கா. கண்ணக் கட்டிக்கிட்டு வருது" என்பாள் என்னிடம்.

சர்க்கரை நோய் என்றால் சர்க்கரை கூடுவது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அது குறையவும் செய்யும், குறைந்தால் ஆளைக் கொல்லும் என்று யாரும் சொல்லவில்லை. வாளியைத் திறந்து இரண்டு வாய் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். பசி என்று நினைத்துக்கொண்டோம். ஏலக்காட்டில் பசி ஒரு சேதியா?

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் லீவு நாளாகத்தான் இருக்கும். லீவு நாளில் மட்டும்தான் நாங்கள் காலையில் சாப்பிடுவோம், அதுவும் வயிறு முட்ட. அந்த வயிற்றோடு போய் அவள் ரத்தம் பார்க்க விரலை நீட்டுவாள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தப்பாமப் போடுறேங்கய்யா."

"நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேங்கய்யா."

"அப்புறம் ஏன் குறைய மாட்டேங்குது?" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைக் கூட்டி எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. அவர் தலை நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கவே நேரம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளை எங்கள் தெருவுக்கு வீடு வீடாகக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தவர் டாக்டர் இல்லை, ஒரு டீச்சர். சனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவராம். எதிர்வீட்டு மதினிக்கு அது பிடிபடவே இல்லை.

"நீங்க ஊசி போடுவீகளா?"

"இல்லம்மா."

"பிரசவம் பாப்பீகளா?"

"அதுவும் இல்ல."

"அப்ப இதுகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீக?"

டீச்சர் சிரித்தார். "சனங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுக்கிறேன்."

"கேக்குறதுக்கா? அதுக்கு எங்க மாமியாளக் கூட்டிட்டுப் போங்க. விடிஞ்சா அடைஞ்சா கேள்விதேன் அவுகளுக்கு."

தெருவே சிரித்தது. டீச்சரும் சேர்ந்துதான் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எங்கள் வீட்டுக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை. மெட்ராஸ் பக்கமாம். பாய் விரித்தோம். நாற்காலி இல்லையே என்று முகம் சுளிக்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கடையில் டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தது. கேட்கவேண்டியதை எல்லாம் மரியாதையாகக் கேட்டது.

"காலைல என்னம்மா சாப்பிடுவீங்க?"

"இட்லி" என்றாள் தங்கை.

"எத்தனை?"

"மூணு."

"சட்னியா, சாம்பாரா?"

"ரெண்டும்தேன்."

எங்கள் வீட்டில் இட்லிச் சட்டி பண்டிகைக்குத்தான் பரணை விட்டு இறங்கும். ஆனால் வேற்றூரிலிருந்து வந்து நம் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம், வெறும் வயிற்றோடு மலையேறுகிறோம், நடுப்பகலுக்குக் கிட்டத்தில் பழைய சோறு தின்கிறோம் என்றா சொல்லுவாள்? கேட்டது என்னிடம் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பிள்ளை போன பிறகு நான் கேட்டேன். "ஏன்டி, சொல்லுறதுதேன் சொல்லுற, அஞ்சு இட்லின்னு சொல்லிருக்கலாம்ல?"

"அளவா இருக்கட்டும்க்கா. சக்கரைக்காரி இல்ல?" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

மாத்திரை கூட்டிக் கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காயெடுப்பு மும்முரமான ஆவணி மாதம். ஜீப்பில் அவள் எப்போதும் பின்பலகையை ஒட்டி உட்காருவாள், காற்று வேண்டும் என்று. நான் முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில். மெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். அவள் இறங்கவில்லை, முந்தானையைத் தலையோடு போர்த்திச் சாய்ந்திருந்தாள். ஜீப்பில் தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு முறை. அந்தத் தூக்கம் ஒன்றுதான் யாரும் கணக்குக் கேட்காமல் எங்களுக்குக் கிடைப்பது. மெட்டில் இருந்து தோட்டம் வரை யாரும் அவளைத் தொடவில்லை.

தோட்டத்தில் எல்லாரும் இறங்கினோம்.

"மகாராணிக்கு இன்னும் விடியலையாக்கும்? ஏய், எந்திரிடி, மெத்தை வேணுமா?" என்று ஒருத்தி அவள் தோளைத் தட்டினாள். தட்டிய பக்கமே சரிந்துவிட்டாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பனி என்று நினைத்துத் தொட்டேன். வேர்வை, ஐஸ்கட்டி மாதிரி குளிர்ந்த வேர்வை. வாயோரம் நுரை.

நெஞ்சுவலி என்றாள் ஒருத்தி. காத்துக்கறுப்பு என்று சொல்லி இன்னொருத்தி திருநீற்றைப் பூசினாள். டிரைவர் பேசாமல் ஜீப்பைத் திருப்பினார். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கினேன். வழியில் மெட்டு வந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சீனி எப்போதும் இருக்கும். ஜீப்பு நிற்காமல் அதைத் தாண்டி வந்தது.

போடியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். "சர்க்கரை அடியோட இறங்கிருச்சும்மா. ரொம்ப நேரம் அப்படியே இருந்திருக்காங்க. மூளை பாதிச்சிருச்சு."

"எறங்குச்சா? இவளுக்கு ஏறுற நோயில்லய்யா?" என்றேன்.

"மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடலன்னா இறங்கும். கை நடுங்கும்போதே கொஞ்சம் சீனி வாயில போட்டிருந்தா சரியாகிருக்கும்."

கை நடுங்குகிற நாளிலும் சீனி போடாத டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தவள் அவள்.

மறுநாள் பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளோடு கட்டில் கட்டிலாக வந்தார். தங்கை மூக்கில் குழாயோடு கிடந்தாள். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கண்ணாடிக்காரப் பிள்ளை நின்றது. எங்களைக் கண்டதும் அதன் முகம் வெளுத்துப்போனது. இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா, விவரம் சொல் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அது இங்கிலீசில் கடகடவென்று சொன்னது. அத்தனையிலும் இட்லி என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது.

கட்டிலுக்கடியில் அவளுடைய பை கிடந்தது. ஜீப்பில் இருந்து யாரோ எடுத்துக் கொடுத்தது. குனிந்து அதிலிருந்த தூக்குவாளியை எடுத்துத் திறந்தேன். சோறு நூல் விட்டுப் புளித்திருந்தது. நாற்றத்தில் இரண்டு பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

"இதுதேன் இவ காலைச் சாப்பாடு. மலையில போயித் திங்கிறது. இட்லி இல்ல" என்றேன்.

"மாத்திரை எப்பப் போடுவாங்க?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"கருக்கல்ல. ஜீப்பு ஏறுறதுக்கு முன்னாடி."

அவர் கட்டிலில் தொங்கிய அட்டையில் அதை எழுதினார். அந்தப் பிள்ளைகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார். போகத்தான் வேண்டும், அங்கேயும் ஒருத்தி கிடந்தாள்.

சாயந்திரம் அந்தப் பெண்பிள்ளை தனியாக வந்தது. கட்டில் ஓரம் நின்று, "அம்மா, நான் கேட்டேன்மா, கேட்டேன்" என்றது.

"கேட்டதான் தாயி. நீ கேட்ட, அவ சொன்னா. போ, போய்ப் படி" என்றேன். எனக்கு அதற்கு மேல் யாரையும் தேற்ற அன்றைக்குத் தெம்பில்லை.

தங்கை கண் திறக்கவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூச்சு நின்றிருந்தது. ஜீப்பில் கூட வந்த பெண்கள் அன்றைக்கு யாரும் மலைக்குப் போகவில்லை. எல்லாரும் வந்து அழுதார்கள். அழுது முடித்து ஒவ்வொருத்தியும் என்னைக் கேட்டாள், "மதினி, எதாவது சாப்ட்டீகளா?" ஆச்சு என்றேன்.

காரியம் முடிந்த பிறகு டீச்சர் வந்தார். வகுப்பில் வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். என் தங்கை சாவைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கவா என்று முதலில் கோபம்தான் வந்தது. அவர் கெஞ்சவில்லை. "சரிம்மா" என்று எழுந்தார். அவர் அப்படி எழுந்ததால்தான் வருகிறேன் என்றேன்.

போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. பாதிப் பெஞ்சு காலி. இருந்தவர்களிலும் சிலர் கண்ணைச் செருகிக்கொண்டிருந்தார்கள், சிலர் மடியில் போனை வைத்துக் குனிந்திருந்தார்கள். பரீட்சையில் இந்தப் பாடத்துக்கு மதிப்புக் குறைவாம், டீச்சரே சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன், இங்கே எழுதியிருப்பதைத்தான். சொல்லி முடித்ததும் பின்பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்தான்.

"நாங்க வீட்டுக்கே வந்து கேட்டோம்லம்மா. அவங்க ஏன் பொய் சொன்னாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "எந்தங்கச்சி பொய் சொல்றவ இல்ல" என்றேன். மானம் என்று சொன்னால் அவன் ஏட்டில் அதை எந்த இடத்தில் எழுதுவான்? அவனும் உட்கார்ந்துவிட்டான்.

டீச்சர்தான் கேட்டார். "பின்ன எப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்கம்மா?"

யோசித்துப் பார்த்தேன். "எப்படிக் கேட்டாலும் சொல்லிருக்க மாட்டா. எங்க கூட ஜீப்புல ஒரு நாள் வந்திருந்தா, கேக்கவே வேண்டியிருக்காது" என்றேன்.

வருகிறோம் என்று அன்றைக்கு நிறையப் பேர் கை தூக்கினார்கள். சொன்ன நாளில் கருக்கலில் முக்கில் வந்து நின்றது டீச்சரும் கண்ணாடிக்காரப் பிள்ளையும் மட்டும்தான். டிரைவரிடம் சொல்லி நான்தான் ஏற்றினேன். "டாக்டரம்மாவுக்குச் சீட்டு குடுங்கடி" என்று நக்கலாக இடம் விட்டார்கள். அந்தப் பிள்ளை எல்லாரையும் பார்த்து, "சாப்பிட்டாச்சாம்மா?" என்றது.

"ஆச்சு தாயி, ஆச்சு" என்றது ஜீப்பு முழுக்க.

மூன்றாவது வளைவில் அந்தப் பிள்ளை வாயைப் பொத்தியது. நான்காவதில் பலகைக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தது. பக்கத்தில் இருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தத் தின்ன?"

"பிரெட்டும் பாலும்."

"கூறுகெட்ட பிள்ள! மலைக்குப் போறவ எவளாச்சும் தின்னுட்டு ஏறுவாளா? எங்களப் பாரு, பச்சத் தண்ணி பல்லுல படல."

அந்தப் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "இப்பத்தானம்மா எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க?"

எல்லாரும் வெளியே, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைப் பார்த்தார்கள். தங்கை உட்காருகிற பின்பலகை ஓரத்தில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். அவளும் குழாயடியில் மாத்திரை முழுங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்துவிட்டது.

"இவ சக்கரை மாத்திரை போட்டுட்டு வந்திருக்கா. வயித்துல ஒண்ணுமில்ல. இவளக் கேளு."

"நீ பாத்தியா? நாக்கு அழுகிரும் ஒனக்கு" என்று அவள் பாய்ந்தாள். "ஒந்தங்கச்சி செத்தா அதுக்கு நான் என்ன செய்வேன்? எம் பொழப்புல ஏன்டி மண்ணள்ளிப் போடுற?"

டீச்சர் ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அந்தப் பிள்ளை பையில் இருந்து ஒரு பிஸ்கட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டியது. அவள் அதை வாங்கவில்லை. மாத்திரையை எப்போது போட வேண்டும், நடுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லச் சொல்ல, அவள் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள். மற்றவர்கள்தான் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

நான் பயந்தது நடந்தது. சேதி சூப்பர்வைசர் காதுக்குப் போய், அடுத்த வாரம் எங்கள் ஜீப்பில் அவளுக்கு இடம் இல்லை என்றார்கள். சில நாள் வீட்டில் கிடந்தாள். அவள் பேரன் என் வீட்டு வாசலில் நின்று வைதுவிட்டுப் போனான். அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. நான் சொன்னது சொன்னதுதான்.

இப்போது அவள் வேறு தோட்டத்து ஜீப்பில் போகிறாள். மெட்டில் இரண்டு ஜீப்பும் ஒரே கடையில்தான் நிற்கும். அவள் இறங்கி, ஒரு பன்னு வாங்கி, சீனி போட்ட டீயில் நனைத்துத் தின்கிறாள். என்னைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பிக்கொள்ளட்டும். அவள் தின்று முடிக்கிற வரைக்கும் நான் டீயை ஆற்றிக்கொண்டே நிற்பேன்.